செருப்பும் சில ஜெர்மன் சொற்களும்

ஜனவரி 12

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்குகிறாயா, இல்லை தலையணைக்கு அடியில் சேமிக்கிறாயா? எனக்கு ஜலதோஷம் விட்டது, வேலைதான் விடவில்லை.

போனில் நீ "ஹலோ, ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை வாங்கி வைத்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட சொற்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம், அந்த அர்த்தம் வருகிற மாதிரி ஒரு வாக்கியம். எங்கள் ஆசிரியர் (நாங்கள் வைத்த பேர் கத்தரி) ஒரு சட்டம் வைத்திருக்கிறார். மேசையில் உட்கார்ந்து ஜோடித்த வாக்கியம் கூடாது. யாராவது நிஜமாகவே சொன்னதாக இருக்க வேண்டும். நான் ஜோடித்த மூன்றையும் மோப்பம் பிடித்து வெட்டிவிட்டார். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ வாயைத் திறந்தால் வாக்கியம்தானே!

முதலில் இரண்டு சொல். ரக்சாக்: முதுகில் மாட்டும் பை. கிண்டர்கார்டன்: குழந்தைகள் தோட்டம் என்று அர்த்தம், சின்னக் குழந்தைகள் பள்ளி. சீக்கிரம் எழுது.

உன் வாலு

*

ஜனவரி 25

அன்புப் பேத்திக்கு, பாட்டி எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை தலையணைக்கு அடியில் இல்லை, பூந்தொட்டியில் இருக்கிறது. செடி நன்றாக இருக்கிறது. நீ இளைத்துப் போகாதே.

உன் மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வேலையும் இல்லை. கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். "உட்காருங்களேன், தரை தேயுது" என்கிறாள் உன் அத்தை. தேயட்டும், அவள் அப்பன் போட்ட தரையா?

நான் அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவள். என்னைப் போய் அகராதிக்குக் கேட்கிறாயே. இருந்தாலும் கேட்டுவிட்டாய். ரக்சாக்குக்கு எழுதிக்கொள்: "என் மூத்த மகன் பள்ளிக்கூடம் போனால், பையை அவன் தூக்கமாட்டான், பைதான் அவனைத் தூக்கிக்கொண்டு போகும்."

கடன் வாங்கின சொல்லை இத்தனை வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவே இல்லையா அந்த இங்கிலீஷ்காரர்கள்? ஜெர்மன்காரர்கள் கேட்கவும் இல்லையா? நல்ல மனுஷர்கள். நானாக இருந்தால் வாசலில் போய் நின்றிருப்பேன்.

அந்த இன்னொரு சொல்லை மட்டும் என்னிடம் கேட்காதே. தோட்டமாம் தோட்டம். ஏன் என்றும் கேட்காதே.

எதிர்க் கட்டடத்தில் யாரோ குடி வந்திருக்கிறார்கள். பச்சைத் திரை போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு நன்றாகவே இல்லை.

இப்படிக்கு,
நடந்துகொண்டே எழுதும் பாட்டி

*

பிப்ரவரி 3

அன்புள்ள பாட்டிக்கு,

செடிக்கு மூட்டுவலி இல்லாமல் போகட்டும். நீ மாத்திரையை முழுங்கு.

ரக்சாக் வாக்கியத்தைப் படித்துவிட்டு கத்தரி சிரித்தார். அவர் பல்லை முதல்முறையாகப் பார்த்தோம். "யார் இது? இன்னும் வாங்கு" என்றார். ஆகவே மூன்று சொல்.

போல்டர்கைஸ்ட்: கண்ணுக்குத் தெரியாமல் தடால் தடால் என்று சத்தம் போடும் பேய்.

ஆங்ஸ்ட்: ஜெர்மனில் இதற்கு வெறும் பயம் என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்துக்குப் போனதும் குணம் மாறிவிட்டது. இன்னதற்கு என்று இல்லாமல் மனசை அரிக்கும் ஒரு தவிப்பு.

ஷாடன்ஃப்ராய்ட: அடுத்தவருக்குக் கெடுதல் வரும்போது நமக்குள் வருகிற சந்தோஷம். இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை, முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கிண்டர்கார்டன் மேல் உனக்கு என்ன கோபம்? அம்மாவிடம் கேட்டேன். "அது பெரிய கதை, என்னைச் சிக்க வைக்காதே" என்று பேச்சை மாற்றிவிட்டாள். உன் தங்கை, அதான் சின்னப் பாட்டி, அந்த மாதிரிப் பள்ளியில்தானே ஆயாவாக வேலை பார்த்தார்? நீங்கள் இரண்டு பேரும் ஏன் பேசுவதில்லை?

உன் வாலு

*

பிப்ரவரி 20

அன்புப் பேத்திக்கு, பாட்டி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். சுகமாக இருக்கிறவர்கள் ஒரு இடத்தில் உட்கார்வார்கள், அதுதான் முடியவில்லை.

பேய்க்கு: "மேல் வீட்டில் ஆளே இல்லை என்கிறார்கள். அப்போ நாற்காலியை இழுக்கிறது உங்க தாத்தாவா?"

தவிப்புக்கு: "அடுப்பில் பாலும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை, ஆனாலும் உட்கார முடியவில்லை."

மூன்றாவது சொல்லைப் படித்தேன். காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாட்டில் பேரே வைத்திருக்கிறார்களா? எனக்குப் பேர் தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும். ஏன் பேசவில்லை என்று கேட்டாயே, கேட்டுக்கொள்.

உன் தாத்தா போன புதுசு. கையில் மூன்று பிள்ளைகள். குழந்தைகள் பள்ளி ஒன்றில் ஆயா வேலைக்கு ஆள் கேட்டார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது, துணைக்கு அந்தச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் செருப்பு பிய்ந்திருந்தது. என்னிடம் இருந்ததே ஒரு நல்ல செருப்பு, பழுப்பு வார், பக்கத்தில் பித்தளைக் கொக்கி. அதை அவள் போட்டுக்கொண்டாள், நான் என் தேய்ந்த பழசைப் போட்டேன். உள்ளே என்னை உட்கார வைத்து என்னென்னவோ கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வெளியே வந்தால் வேலை அவளுக்கு! துணைக்கு வந்தவளுக்கு! படியெல்லாம் மழைத் தண்ணீர். பழைய செருப்பு வழுக்கியது, சேற்றில் குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால், என் செருப்பைப் போட்டுக்கொண்டு மேல் படியில் நின்று சிரிக்கிறாள். வாயைக்கூட மூடவில்லை.

செருப்பும் திரும்பி வரவில்லை.

எழுதிக்கொள்: "என் வேலையையும் என் செருப்பையும் வாங்கிக்கொண்டவள், நான் சேற்றில் விழுந்ததும் படியில் நின்று சிரித்தாள்."

கமா முதற்கொண்டு அப்படியே போடு.

பாட்டி

*

மார்ச் 8

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஈரப்படியைக் கண்டால் பயமாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கத்தரி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. "கொக்கி எங்கே?" என்றுகூடக் கேட்டார். நான் கதையைச் சொல்லியிருந்தேன். கடைசியில் "பித்தளைக் கொக்கி வைத்த செருப்பு" என்று சேர்த்துக்கொண்டோம். இருபது சொற்கள் கொண்ட ஒரு மாதிரிப் புத்தகம் அச்சாகிவிட்டது. கிண்டர்கார்டனுக்கு மட்டும் வாக்கியம் இல்லாமல் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம். பழைய பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறோம், அங்கே யாராவது தருவார்கள்.

அடுத்த சொல் வாண்டர்லஸ்ட்: எங்கேயாவது கிளம்பிப் போக வேண்டும் என்று காலில் ஊறுகிற ஆசை. உனக்கென்றே செய்த சொல்.

எதிர் வீட்டுப் பச்சைத் திரைக்காரர்களோடு பழகிவிட்டாயா?

உன் வாலு

*

மார்ச் 19

அன்புப் பேத்திக்கு,

இருக்கிறேன். நீயும் இரு.

"கால் வலிக்குதுன்னு அழுவாள், செருப்பைக் கண்டால் கிளம்பிவிடுவாள்." இது உன் அத்தை என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னது. என் காதுக்குப் போன்தான் கேட்காது.

கீழே இறங்கலாம் என்று கிளம்புகிறேன். இரண்டாவது மாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறேன். மறுபடி ஜன்னல். மறுபடி வாசல். என்ன தேடுகிறீர்கள் என்கிறான் உன் மாமா. தேடினால் கிடைக்கணும், நான் ஒன்றும் தேடவில்லை.

எதிர் வீட்டில் அட்டைப்பெட்டி கட்டுகிறார்கள். குடி வந்து இன்னும் திரையே அழுக்காகவில்லை, அதற்குள் பெட்டியா? உனக்கு ஏதாவது தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும், சும்மா கேட்டேன். வேறு சொல் இருந்தால் அனுப்பு.

பாட்டி

*

ஏப்ரல் 2

கண்ணு, நல்லா இருக்கியா? உங்க அம்மா கைக்குழந்தையா இருந்தப்போ தூக்கினவ நான். உன்னை ரெண்டு கல்யாணத்துல தூரத்துலேர்ந்து பார்த்திருக்கேன். நான்தான் உன் சின்னப் பாட்டி.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் கூப்பிட்டு, "ஆயாம்மா, இந்தச் சொல்லுக்கு உங்களை விட்டா யாரு வாக்கியம் சொல்வாங்க?"ன்னு உன் பேர் போட்ட உங்க புத்தகத்தைக் கொடுத்தாங்க. பெருமையா வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுத்து பொடிசா இருந்துச்சு, பேரன்கிட்ட வாசிக்கச் சொன்னேன். நாலாம் பக்கத்துல நான் படியில நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கேன். பித்தளைக் கொக்கியோட!

"யாரு பாட்டி இந்தக் கெட்ட பொம்பளை?"ன்னு கேட்டான்.

பொய் சொல்லமாட்டேன் கண்ணு. சிரிச்சேன். அவ விழுந்ததைப் பார்த்துத்தான் சிரிச்சேன். பொறந்ததுலேர்ந்து எங்க அக்கா விழுந்து நான் பார்த்ததே இல்லை. எப்பவும் விழறது நான்தான், "பார்த்து நடக்கத் தெரியாதா"ன்னு சொல்றது அவதான். அன்னிக்கு உலகமே தலைகீழா நின்ன மாதிரி இருந்துச்சு. அடக்க முடியலை.

ஆனா செருப்பை நான் கேட்கலை. வாசலைத் தாண்டும்போது அவளே கழட்டிப் போட்டா. "பிஞ்ச செருப்போட என்கூட வராதே, என் மானம் போகும்"னா. கொடுத்ததுக்குப் பேர் கடனா? நீங்க அகராதிக்காரங்க, நீங்களே சொல்லுங்க. வேலையும் நான் கேட்கலை. அவ உள்ளே பதில் சொல்லிக்கிட்டிருந்தா, வெளியே ஒரு குழந்தை அழுதுச்சு, தூக்கிக்கிட்டேன். அவ்வளவுதான். அதைப் பெரிய டீச்சர் பார்த்துட்டாங்க.

நாங்க இப்போ உங்க மாமா வீட்டுக்கு எதிர்லதான் இருக்கோம். அவ ஜன்னல்ல நிக்கறது தெரியும். நானும் திரைக்குப் பின்னால நிக்கறேன், அது அவளுக்குத் தெரியும். மே கடைசியில என் மகன் வேலை மாத்திக் கடல் தாண்டிப் போறான், என்னையும் கூட்டிக்கிட்டு. இந்த வயசுல போறவ எங்கே திரும்பறது?

வாக்கியம் இதோ: "தோட்டம்னு பேரு, தண்ணி ஊத்தினதும் நான்தான், மூக்கு துடைச்சதும் நான்தான்."

சின்னப் பாட்டி

*

ஏப்ரல் 9

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பைப் பற்றி அப்புறம் கேட்கிறேன். முதலில் என்னைத் திட்டிவிடு.

சின்னப் பாட்டி அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார். நிஜமாகச் சொன்னது வேண்டும், நிஜமாகச் சொன்னது வேண்டும் என்று ஓடினேனே தவிர, நிஜமான ஆள் ஒருவர் அதைப் படிப்பார் என்று யோசிக்கவே இல்லை. கொக்கியைக்கூட நானே மாட்டிவிட்டேன். அவர் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

பச்சைத் திரை யாருடையது என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? மூன்று மாதமாக ஒரு தெருவைத் தாண்ட முடியாமலா நடக்கிறாய்?

மே கடைசியில் அவர் போகிறார். முழுப் புத்தகமும் மே நடுவில் அச்சுக்குப் போகிறது. அந்த வாக்கியம் இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? கத்தரி என்னிடம் விட்டுவிட்டார். நான் உன்னிடம் விடுகிறேன்.

உன் வாலு

*

ஏப்ரல் 27

பாட்டி,

பதில் இல்லை. போன் செய்தால் அத்தை, "அவங்க பேசறதில்லை, நடக்கறது மட்டும்தான்" என்கிறாள். சாப்பிடுகிறாயா? கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

ஒரே ஒரு சொல்லுக்கு இன்னும் வாக்கியம் இல்லை. அவுஃப் வீடர்சேயன். பிரியும்போது சொல்வது. மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம். எல்லாரும் சினிமா வசனமாகவே தருகிறார்கள், கத்தரி வெட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் ஜூன் முதல் வாரம்வரை நிறுத்தி வைத்திருக்கிறார். உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

உன் வாலு

*

மே 4

அன்புப் பேத்திக்கு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதுவது.

பயப்படாதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதனால் கை வேறொருத்தியுடையது. நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாளா என்று தெரியவில்லை, என் கண்ணாடி அங்கே வீட்டில் இருக்கிறது. (அப்படியேதான் எழுதறேன் கண்ணு.)

அவள் எழுதினதைப் படித்தேன். தினமும் படித்தேன். கேட்கவில்லையாம், நானே கொடுத்தேனாம்! நேரில் நாலு வார்த்தை கேட்டால்தான் நெஞ்சு ஆறும் என்று கிளம்பினேன். இரண்டாவது மாடியில் திரும்பவில்லை. தெருவைத் தாண்டினேன். என்ன கேட்பது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவர்கள் படியில் ஏறினேன். யாரோ அப்போதுதான் படியைக் கழுவியிருந்தார்கள்.

விழுந்த சத்தத்தில் கதவைத் திறந்தாள். பார்த்தாள். என்ன செய்தாள் தெரியுமா?

(சிரிச்சேன்.)

சிரித்தாள்! அதே வாய், பல் மட்டும் குறைச்சல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "பல்லைக் காட்டினது போதும், தூக்கி விடுடி"ன்னு கத்தினேன். தூக்கினாள். அவளுக்கும் தெம்பு இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டோம் படியில். அவள் பேரன் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "புத்தகத்துல இருந்த பாட்டி இவங்களா?" என்றான்.

செருப்பு விஷயம் பேசியாகிவிட்டது. கொடுத்தேன்தான். கொடுத்ததைத் திருப்பித் தரக்கூடாது என்று சொன்னேனா? (வார் அறுந்துபோச்சு அக்கா. குழந்தைங்க பின்னால ஓடி ஓடி.) அறுந்ததைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம் இல்லையா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை. தினமும் மத்தியானம் இங்கே வந்து கேட்கிறேன்.

அந்த வாக்கியத்தை எடுக்காதே. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. முன்பு ஒரு தடவை நடந்தது, இப்போது இன்னொரு தடவையும் நடந்துவிட்டது, அதைவிட நிஜம் எங்கே கிடைக்கும் உங்கள் கத்தரிக்கு? (எனக்கும் சம்மதம் கண்ணு. பேரன் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டான்.) அவளுடைய தோட்ட வாக்கியம் சுமார்தான், ஆனாலும் போட்டுவிடு.

பெட்டி எல்லாம் கட்டிவிட்டார்கள். உட்கார்வதற்கு ஒரு பெட்டிதான் இருக்கிறது, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். (உட்காரவே இல்லை, நடந்துக்கிட்டேதான் சொல்றா.)

கடைசிச் சொல்லுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. போறவளைக் கேள்.

பாட்டி
(நானும்)

*

ஜூன் 1

பேத்திக்கு, இது இடது கை. கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நீ சௌக்கியமா?

போய்விட்டார்கள். பச்சைத் திரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர் ஜன்னல் பார்க்க நன்றாகவே இல்லை.

கார் கீழே ஹாரன் அடிக்கிறது, அவள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து என் வாசலில் நின்றாள். நான் உள்ளேயே இருந்தேன். எனக்கு வேலை இருந்தது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி இறங்கினாள். "என்னடி இது, பழைய கணக்கைத் தீர்க்கிறாயா?" என்று கத்தினேன். பாதிப் படியிலிருந்து அவள் சொன்னதுதான் உன் வாக்கியம்:

"இது உனக்குக் கொடுக்கலை அக்கா, கடன். வந்து கேட்பேன், எடுத்து வை."

இதைக் கத்தரி வெட்டினால் அவர் விலாசத்தை எனக்கு அனுப்பு.

நான் எடுத்து வைக்கவில்லை. செருப்பு எனக்கு ஒரு விரலளவு பெரிசு. போட்டுக்கொண்டு கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். தடால் தடால் என்று சத்தம் வருகிறது. என்ன சத்தம் என்று உன் அத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

போல்டர்கைஸ்ட் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டி